குவாரிக்குள் மூன்று மஞ்சள் ஜாக்கெட்

தாமரைக்குக் கிறுக்குப் பிடித்தது நாற்பத்து மூன்று வயதில். அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். ஷார்ஜாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. துபாயில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசராக இருக்கும் புருஷன் சேதுமாதவன். ஒன்பதாவது படிக்கும் ஒரே மகள் தாரிணி. பதினோராவது மாடியில் ஃபிளாட், ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டுக்காரன் காயப்போட்ட துண்டு. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆசை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அவளுக்கு மலை ஏற வேண்டும். படிக்கட்டு வழியாக, கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறுவது இல்லை. செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும். இத்தனைக்கும் அவள் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அங்கே மருந்துக்குக்கூட ஒரு பாறை கிடையாது. துணி துவைக்கும் கல்லையே வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

எல்லாம் ஒரு பிறந்தநாள் விழாவில் ஆரம்பித்தது. தாரிணியின் தோழிக்கு ஒரு மாலில் பார்ட்டி. அங்கே பிள்ளைகள் ஏறுவதற்குச் செயற்கைப் பாறைச் சுவர் ஒன்று இருந்தது. தாரிணி பாதி ஏறியதும் கீழே பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், கை விட மாட்டேன் என்கிறது, கால் எடுக்க மாட்டேன் என்கிறது. ஒரே அழுகை. (அழவே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள்.) சுவரைப் பார்த்துக்கொள்ளும் பையன் நூஹு, காயல்பட்டினத்துக்காரன், கை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க ஏறி பிள்ளைக்குப் பக்கத்துல போய் நில்லுங்க. தைரியம் வந்துரும்" என்று சொல்லி, சுடிதாருக்கு மேலேயே இடுப்பு வாரைப் பூட்டிக் கயிற்றை மாட்டிவிட்டான்.

தாமரை ஏறினாள். ஒரு பிடி, அடுத்த பிடி, அதற்கு அடுத்தது. உச்சியில் ஒரு மணி தொங்கியது, அதை அடித்தாள். அடித்த பிறகுதான் பெற்ற மகள் வழியில் தொங்கிக்கொண்டிருந்த ஞாபகமே வந்தது. மகளைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள், கண்ணில் படவே இல்லை! கீழே இறங்கியதும், இன்னொரு தடவை ஏறட்டுமா என்று நூஹுவிடம் கேட்டாள். இருபது வயதில்கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் டியூட்டி முடிந்ததும் நேரே அந்தச் சுவருக்குப் போனாள். வீட்டில் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிப் பழகினாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனது. தோசைக்கல்லை வெறுங்கையால் நகர்த்தினாலும் உறைக்கவில்லை. நூஹுவுக்கும் அவளைப் பிடித்துப் போனது.

"அக்கா, இந்தப் பிளாஸ்டிக் சுவரெல்லாம் உங்களுக்குப் பத்தாது. ராஸ் அல் கைமா மலையடிவாரத்துல பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒண்ணு சும்மா கிடக்கு. நாங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறோம். நடக்கலாம், ஏறலாம், அசலான பாறை. கம்பெனிக்காரன் என்னைக்கு வந்து வேலி போடப்போறான்னுதான் தெரியல. அவன் ஆள் யாராச்சும் வந்தா, பேச்சே கிடையாது, மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்பிரணும். அது ஒண்ணுதான் எங்க சட்டம்."

அசலான பாறை! அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

சேதுமாதவனிடம் சொன்னாள். சேதுமாதவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொள்ளாச்சிக்காரர். தங்கமான மனுஷன். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மூன்று பெட்டியில் போட்டுவைத்திருப்பார்: லோ, மீடியம், ஹை. தாளிக்கும்போது கடுகு தெறிப்பது லோ. குளியலறையில் ஈரத்தரை மீடியம். தாரிணி செல்போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடப்பது ஹை. மாமியார் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினால் அது எந்தப் பெட்டி என்று தாமரை ஒருமுறை கேட்டாள். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"குவாரியா? கைவிட்ட குவாரியா? ஹை. ரொம்ப ஹை. ஆகாது கண்ணு" என்றார். பேச்சு முடிந்தது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அபுதாபியில் ஒரு சைட்டில், அவர் கண் முன்னாலேயே ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தான். நிறுத்தச் சொல்லி விசிலை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார். ஊதுவதற்குள் அவன் விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தான், ஆனால் நடந்து ஊர் போகவில்லை. அந்த வாரம் முழுக்க சேதுமாதவன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. சைட்டில் அவர் ஒரு தடவை ஊதினால் கிரேன் உட்பட எல்லாம் நிற்கும். தாமரைக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் சுவரோடு இருந்தாள்.

பிறகு டிரான்ஸ்ஃபர் வந்தது. சவூதியில், அல் கோபாரில் புது புராஜெக்ட். விசா மாற்றியாகிவிட்டது, சாமான்களைக் கட்டியாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை ராத்திரி தாமரை ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை நான் குவாரிக்குப் போறேன்."

"ஆகாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. ஒரு வருஷமா நானும் வாயைத் திறக்கல. இந்த ஊர்ல பதினேழு வருஷம் லிஃப்ட்ல ஏறி லிஃப்ட்ல இறங்கினதுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை கையால ஏறிட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க எந்தப் பாலைவனத்துக்குக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

"தலைக்கு மேல கல்லு உதிரும் கண்ணு. அது என்ன உங்க மால் சுவரா?"

"உதிரட்டும்!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சேதுமாதவன் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு நடந்த சண்டையை எழுதினால் குடும்ப மானம் போகும். பாத்திரம் எதுவும் உடையவில்லை, எல்லாம் பெட்டிக்குள் கட்டிவைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் ஒரு வழிக்கு வந்தார்.

"சரி, போலாம். அவனுக ஜீப்ல இல்ல, நம்ம கார்ல. மூணு பேரும். ஹெல்மெட், ஜாக்கெட், சேஃப்டி ஷூ இல்லாம ஒருத்தரும் கார்ல இருந்து இறங்கக் கூடாது."

"போடறேன். கோணியக் கட்டிக்கச் சொன்னாலும் கட்டிக்கறேன்!" என்றாள் தாமரை. துள்ளிக் குதிக்காத குறை.

தாரிணிக்குத்தான் ஆகவில்லை. "அப்பா, ப்ளீஸ்! அந்த மஞ்சள் ஜாக்கெட்டா? பின்னாடி சேஃப்டின்னு எழுதியிருக்கே! யாராவது ஃபோட்டோ எடுத்துப் போட்டா நான் ஸ்கூலுக்கே போக முடியாது!"

"அடுத்த வாரத்திலிருந்து நீ அந்த ஸ்கூலே கிடையாது" என்றார் அப்பா.

ஞாயிறு காலை, இருட்டோடு கிளம்பினார்கள். வழியில் ஒரு கஃபேட்டீரியா வாசலில் ஹாரன் அடித்து, ஏலக்காய் மணக்கும் கரக் சாயா வாங்கிக் குடித்தார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தாமரை நூஹுவுக்கு அனுப்பிய மெசேஜில் ஒற்றை டிக்தான் விழுந்தது. குவாரிக்குள் சிக்னல் கிடையாது என்று அவன் சொல்லியிருந்தான். வருவேன் என்று அவனிடம் உறுதியாகச் சொல்லவும் இல்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பதோடு விட்டிருந்தாள். இருக்கட்டும், நேரில் போய் நின்று ஆச்சரியப்படுத்துவோம் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பது சும்மாவா?

குவாரியைப் பார்த்ததும் தாமரை "அம்மாடி!" என்று கத்திவிட்டாள். மலையின் ஒரு பக்கத்தையே வெட்டி எடுத்திருந்தார்கள். தட்டில் தேங்காய் பர்பி வெட்டியது போல வெள்ளை வெளேரென்று படிப்படியாக மேலே போனது. ஒவ்வொரு படியும் நாலு மாடி உயரம். கல் ஏற்றும் துருப்பிடித்த ஒரு கன்வேயர், பாதியில் நின்ற இரும்புத் தொட்டி, அதன் நிழலில் நாலைந்து வெள்ளாடுகள். பழைய லாரிப் பாதை ஓரமாக வளைந்து வளைந்து முதல் படிக்கு ஏறியது. அந்த முதல் படியின் மேலே, பின்சுவரை ஒட்டி ஒரு ஜீப். சுவரில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது.

"அதோ கயிறு! அதோ கயிறு!" தாமரைக்குக் கார் நிற்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

சேதுமாதவன் நிதானமாக வண்டியை நிறுத்தினார். இரண்டு பேரையும் எதிரே நிற்கவைத்து, தினம் காலையில் சைட்டில் பேசுவது போலவே பேச ஆரம்பித்தார். இன்றைய வேலை என்ன, ஆபத்து என்ன, ஓடிவந்து கூட வேண்டிய இடம் எது. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். ஆட்டைத் தொடக் கூடாது என்றுகூடச் சொன்னார்.

பிறகு மூன்று பேரும் வரிசையாகக் குவாரித் தளத்துக்குள் நடந்தார்கள். மூன்று மஞ்சள் ஜாக்கெட். மூன்று வெள்ளை ஹெல்மெட். வெயில் பட்டு ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை மினுங்கியது. முன்னால் போனவர் நடுவில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்து, கையை நீட்டி நீட்டி மகளுக்கு எதையோ காட்டினார். எங்கே கல் தளர்ந்திருக்கிறது என்றுதான் காட்டினார், பாவம்.

முதலில் கவனித்தது தாரிணிதான். "அம்மா, அவங்க கயித்தை உருவுறாங்க."

தாமரை பார்த்தாள். சிவப்புக் கயிறு சரசரவென்று மேலே போய், வளையத்திலிருந்து கழன்று கீழே விழுந்தது. இரண்டு பேர் மூட்டைகளை ஜீப்புக்குள் எறிந்தார்கள். இன்னொருவன் இங்கே திரும்பிப் பார்த்து, பார்த்த வேகத்தில் கயிற்றைத் தோளில் சுற்றினான்.

"ஐயையோ! நம்மளைக் கம்பெனி ஆளுன்னு நெனச்சுட்டாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். "நூஹு! நூஹு! நான்தான்!" அவள் குரல் மூன்று சுவரிலும் மோதி, யார் கூப்பிடுகிறார்கள், எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் ஊ ஊவென்று திரும்பி வந்தது. சேஃப்டி ஷூ ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். கையை வீசி வீசி ஓடினாள். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஆபீசர் ஒருத்தர் பிடிக்க ஓடி வருகிறார்! அவள் வேகமாக ஓட ஓட, அவர்களும் வேகமாகக் கட்டினார்கள்.

ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. ஜிப்பில் கை வைத்தாள்.

"தாமரை! ஜாக்கெட்டைக் கழட்டாதே! கல்லு உதிருது!" பின்னால் இருந்து சேதுமாதவன் அலறினார்.

"ஜாக்கெட் கல்லைத் தடுக்குமாங்க?" என்று இவள் திருப்பி அலறினாள். ஜிப் கழுத்தில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

ஜீப் வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு லாரிப் பாதையில் வளைந்து இறங்கியது. வெளியே போக ஒரே வழி, இவர்கள் கார் நிற்கும் வாசல்தான். தாமரை திரும்பி அந்தப் பக்கம் ஓடினாள். மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. போச்சு. ஒரு வருஷமாகக் காத்திருந்து, கதவு நிலையில் தொங்கி, விரலெல்லாம் காய்த்து, கடைசியில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்டில் எல்லாம் போச்சு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை!

வாசலுக்குப் பக்கத்தில் நின்றது சேதுமாதவன்தான். அவர் பாதையின் நடுவில் போய் நின்றார். கையை உயர்த்தினார், விசிலை ஊதினார். பதினெட்டு வருஷ சர்வீஸ் விசில் அது. ஜீப் வழுக்கிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த ரோஹித் என்ற பூனாக்காரப் பையன் கேட்பதற்கு முன்னாலேயே அடையாள அட்டையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். பக்கத்தில் இருந்த நூஹு கையெடுத்துக் கும்பிடுவது இங்கிருந்தே தெரிந்தது.

தாமரைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. அவர்கள் பேசுவது எதுவும் காதில் விழவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. அந்த மனுஷன் இப்போது ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும். 'ஆமாம், மூடியாகிவிட்டது, போங்கள்' என்று கையைக் காட்டினால் போதும். ஜீப் போய்விடும். இவள் ஏற முடியாது. யாரும் விழ மாட்டார்கள். சண்டை இல்லை, பழி இல்லை. நல்லபடியாக அல் கோபார் போய்ச் சேரலாம். அவர் இடத்தில் இருந்தால் தானும் தலையைத்தான் ஆட்டியிருப்போம் என்று தோன்றியது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஓட முடியாமல் அப்படியே நின்றாள்.

சேதுமாதவன் ஜன்னலருகே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். வாய் அசைந்தது. ஜீப்பின் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது.

ஜீப் பின்னோக்கி வந்து திரும்பி, வந்த வழியே உள்ளே வரத் தொடங்கியது!

ஜீப் தாமரையின் பக்கத்தில் வந்து நின்றதும் நூஹு எட்டிப் பார்த்துச் சிரித்தான். "யக்கா! நீங்களா! நாங்க கம்பெனி சேர்மனே வந்துட்டாருன்னுல்லா நெனச்சோம்! ஏறுங்க, ஏறுங்க!" அவள் ஜீப்பில் ஏறினாளா பறந்து விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அப்பாவையும் மகளையும் சேர்த்து எல்லோரையும் முதல் படியில் இறக்கிவிட்டு, ரோஹித் மேல்படிக்குச் சுற்றிப் போய்க் கயிற்றைக் கட்டி இறக்கினான். நூஹு அவள் இடுப்பு வாரைப் பூட்டினான். முடிச்சை ஒருமுறை அவன் பார்த்தான், இரண்டு முறை சேதுமாதவன் பார்த்தார். சைட் ஹெல்மெட்டோடு தாமரை அண்ணாந்து பார்க்க, அது தலையிலிருந்து கழன்று விழுந்து உருண்டது. நூஹு தன் ஹெல்மெட்டைத் தந்து தாடைப் பட்டையை இறுக்கினான். சேதுமாதவன் அந்தப் பட்டையை இழுத்துப் பார்த்து, "இது நம்முளுதை விட நல்லா இருக்குதே" என்று முணுமுணுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

நூஹு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உங்க சார் கீழ என்ன சொன்னாரு தெரியுமா? நான், 'மன்னிச்சிருங்க சார், இனி இந்தப் பக்கமே வர மாட்டோம்'னு சொல்லுதேன். அவரு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறமா ஹெல்மெட்டக் கழட்டிட்டு, 'நான் கம்பெனி ஆள் இல்லப்பா. அதோ ஓடி வர்றாளே, அவளுக்கு வீட்டுக்காரன். அவ ஏறாம நீங்க போகக் கூடாது'ன்னாரு."

தாமரை திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்த வரத்தை அவர் தூக்கிப் போட்டிருக்கிறார். இனி ஏறாமல் இறங்கினால் அது இவளுக்கு மட்டும் தோல்வி இல்லை.

பாறையில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது! பிளாஸ்டிக் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. சொரசொரப்பு, சிப்பி பதிந்தது போல வளையங்கள், வெடி வைப்பதற்காகத் துளைத்த நீளமான பள்ளக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை. அந்தக் கோட்டுக்குள் நாலு விரலும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. முதல் பிடி. இரண்டாவது. கால் ஏறியது, உடம்பு ஏறியது. "அப்படித்தான்க்கா, அப்படித்தான்!" என்று கீழே நூஹு கயிற்றை வாங்கிக்கொண்டே கத்தினான். வாயெல்லாம் சுண்ணாம்பு. தாமரை சிரித்துக்கொண்டே ஏறினாள். சிரித்தால் மூச்சுப் போகும் என்று தெரிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

பாதிக்கு மேல் கோடு முடிந்துபோனது. வழவழவென்று ஒரு வயிறு மாதிரி பாறை துருத்திக்கொண்டிருந்தது. பிடிக்க எதுவும் இல்லை. வலது காலை மாற்றினாள், சறுக்கியது. சடாரென்று உடம்பு இறங்கியது, கயிறு பிடித்து நிறுத்தியது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் சறுக்கியது. சாண் ஏறினால் முழம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டாள். பொடிக்கல் சில உருண்டு கீழே போயின. இதோ ஊதப்போகிறார் என்று தாமரை காதைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

விசில் சத்தம் வரவில்லை. கீழே பார்த்தாள். சேதுமாதவன் பல்லுக்கு நடுவே விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா! அப்பா கண்ணை மூடிக்கிட்டு இருக்கார்! ஊதவே இல்ல! சீக்கிரம் ஏறுங்கம்மா, அவருக்கு எதாவது ஆயிடப் போகுது!" என்று தாரிணி கத்தினாள். மஞ்சள் ஜாக்கெட்டோடு குதித்துக்கொண்டே, வெட்கத்தை எங்கோ போட்டுவிட்டு, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தாமரை வயிற்றுப் பாறையை வலமாகச் சுற்றித் தடவினாள். தடவிக்கொண்டே போனபோது ஓர் இடுக்கு கிடைத்தது. இரண்டு விரல்தான் போகும். பதினேழு வருஷமாக இட்லி மாவு கரைத்த விரல்கள்தானே, போதும் என்று கொடுத்து இழுத்தாள். கால் தானாக வந்தது. அடுத்து ஒரு திட்டு, அதற்கு மேல் இன்னொன்று. மேலே ரோஹித்தின் கை தெரிந்தது. அந்தக் கையைப் பிடிக்காமல் விளிம்பைப் பிடித்தே ஏறி, குப்புற விழுந்து, உருண்டு, எழுந்து நின்றாள்.

கீழேயிருந்து விசில் கிளம்பியது. நிறுத்தச் சொல்லும் விசில் இல்லை. திருவிழாவில் பீப்பி வாங்கிய பிள்ளை ஊதுவது போல விடாமல், தாறுமாறாக. வெள்ளாடுகள் மிரண்டு ஓடின. தாமரை தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். தூரத்தில் கடல் தெரிந்தது, கப்பல்கள் தெரிந்தன. அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ அல் கோபார் இருக்கிறது. இருக்கட்டும். இன்றைக்கு எதுவும் வருத்தமாக இல்லை.

கயிற்றில் தொங்கி அவள் இறங்கியதும் சேதுமாதவன் வந்து கொக்கியைக் கழற்றினார். அவள் முகத்தில் அப்பியிருந்த சுண்ணாம்பைத் தன் ஜாக்கெட் முனையால் துடைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஹஃபூஃப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் குன்று இருக்குதாம். கோபார்ல இருந்து கார்ல போயிட்டு சாயந்தரம் திரும்பிரலாம். போன வாரமே ஒரு ஆளுகிட்ட விசாரிச்சு வெச்சுட்டேன்."

"போன வாரமேவா? அப்ப புதன்கிழமை எதுக்கு அவ்வளவு சண்டை?"

"சண்டை போடாட்டி நீ ஜாக்கெட் போட்டிருப்பியா கண்ணு?"

தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தக் குன்று எந்தப் பெட்டி? லோவா, மீடியமா?"

"ஹைதான்" என்றார் சேதுமாதவன். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "நீ ஏறினா மீடியம்."